பழத்தோட்டம் போடுமுன்: சந்தையிலிருந்து குழிக்கு வரும் முழுமையான வழிகாட்டி

யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கன்றை வாங்கி வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நர்சரியில் பார்த்தேன், நன்றாக இருந்தது, 200 கன்று எடுத்துவிட்டேன், இனி என்ன செய்ய என்பார்கள். இந்த வழிகாட்டியில் கன்று 7-வது படியில்தான் வருகிறது. முதல் ஆறு படியில் சோதனைக் குழி தோண்டுவதைத் தவிர மண்வெட்டிக்கு வேலை கிடையாது. ஆனால் தோட்டம் நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நெல், காய்கறியில் ஒரு தப்பு நடந்தால் நாலு மாதத்தில் திருத்திக்கொள்ளலாம். மரப்பயிரில் தப்பு தெரியவே நாலு வருடம் ஆகும். அதனால் இங்கே வரிசை முக்கியம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, 30 மீட்டர் நாடா, 200 லிட்டர் டிரம், ஒரு மீட்டர் ஆழம் தோண்ட ஆள், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க ஓர் ஆய்வகம். அப்புறம் ஒரு கோடைக்காலம். கோடையைப் பார்க்காத நிலத்தில் மரம் நடுவது கடன் வாங்கி ஆடும் சூதாட்டம்.

1. விற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

முதலில் மொத்த வியாபாரிகள் நாலு பேரையும், பழக்கூழ் அல்லது சாறு எடுக்கும் ஆலை ஒன்றையும் போய்ப் பாருங்கள். எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்வி: எந்த மாதத்தில் சரக்கு கிடைக்காமல் திண்டாடுகிறீர்கள்? எந்த அளவுப் பழத்துக்கு முதல் தர விலை? ஒரு தடவைக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும்?

விலையை விட மாதம் முக்கியம். எல்லாத் தோட்டமும் காய்த்துக் கொட்டும் மாதத்தில் உங்கள் பழமும் வந்தால், எவ்வளவு நல்ல பழமாக இருந்தாலும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பெரு நாடு சில ஆண்டுகளிலேயே புளூபெர்ரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்கு வந்ததற்கு ஒரு பெரிய காரணம் காலண்டர்தான். வட அரைக்கோளத்தில் பருவம் முடிந்து பழம் அருகும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே அறுவடை உச்சத்தில் இருக்கிறது.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, முதல் தர விலையை மொத்த மகசூலால் பெருக்குவது. 100 கிலோ பறித்தால் 40 முதல் தரம், 35 இரண்டாம் தரம், 20 கூழுக்கு, 5 கழிவு என்று வைத்துக்கொள்வோம். முதல் தரத்துக்கு 10, இரண்டாவதற்கு 6, கூழுக்கு 2 என்றால் மொத்தம் 650, அதாவது கிலோவுக்கு 6.5. பத்து என்று கணக்குப் போட்டவர் மூன்றில் ஒரு பங்கை இல்லாத காசாக எழுதி வைத்திருக்கிறார்.

2. தண்ணீரை அளந்து பாருங்கள்

‘கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது’ என்பது அளவு ஆகாது. கோடையின் கடைசி வாரங்களில், மோட்டாரை மூன்று நாலு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, அதற்குப் பிறகு டிரம்மை வைத்து நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். காலையில் போட்டவுடன் அளந்தால் இரவெல்லாம் ஊறிச் சேர்ந்த தண்ணீரைத்தான் அளக்கிறீர்கள். ஊற்றின் பலம் தெரியாது.

தேவையைக் கணக்கிட ஒரே ஒரு விஷயம் போதும்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கடுங்கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது, மரத்தின் நிழல் பரப்பு 12 சதுர மீட்டர், பயிர்க் காரணி (ஆவியாகும் அளவில் இந்த மரத்துக்கு எவ்வளவு பங்கு வேண்டும் என்ற எண்) 0.7 என்று கொண்டால் 6 × 12 × 0.7, ஏறத்தாழ 50 லிட்டர். இது வளர்ந்த மரம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு. ஏக்கருக்கு 160 மரம் இருந்தால் 8,000 லிட்டர்.

டிரம் 100 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 7,200 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இப்போது தெரியும், உங்கள் கிணறு எத்தனை ஏக்கரைத் தாங்கும் என்று. கன்றுக்கு நாளைக்கு நாலு லிட்டர் போதும் என்று பார்த்துவிட்டுப் பத்து ஏக்கரில் நட்டு, ஐந்தாம் வருடம் பாதி மரத்தைக் காயவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு வளர்ந்த மரத்துக்குப் போட வேண்டும்.

தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். உப்பு கூடினால் சில பயிர்களை மறக்க வேண்டியதுதான்: அவகாடோ, எலுமிச்சை இனம், ஸ்ட்ராபெரி எல்லாம் உப்பைத் தாங்காது, பேரீச்சை, இலந்தை, சப்போட்டா ஓரளவு சமாளிக்கும். பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீர் சொட்டுநீர்த் துவாரங்களைச் சுண்ணாம்பால் அடைத்துவிடும். அதற்கு அமிலம் விட்டுக் குழாயைக் கழுவும் செலவையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

3. மண்ணை மூன்று ஆழத்தில் எடுங்கள்

மேல்மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் கீரைக்குப் போதும். மரத்துக்கு 0–30, 30–60, 60–90 சென்டிமீட்டர் என மூன்று ஆழத்தில் தனித்தனியாக மாதிரி வேண்டும். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக எட்டு, பத்து இடத்தில் எடுத்து, ஆழவாரியாகக் கலந்து கொடுங்கள். மேலே அருமையான செம்மண், கீழே சுண்ணாம்புப் பாறை என்ற நிலம் நிறைய உண்டு. இரண்டு வருடம் செழித்து, மூன்றாம் வருடம் வேர் பாறையைத் தொட்டதும் இலை வெளுக்கும். இரும்புச்சத்து தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்துவிடும்.

பெரும்பாலான பழ மரங்களுக்கு 6 முதல் 7.5 வரையான பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) ஒத்துப்போகும். விதிவிலக்குகளும் உண்டு, புளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும்.

வடிகால் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு மீட்டர் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்தில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால், அந்த இடம் பப்பாளிக்கும் அவகாடோவுக்கும் ஆகாது. வேரழுகல் வந்த பிறகு மருந்து தேடுவதை விட, மேட்டுப்பாத்தி போட்டு நடுவது அல்லது வேறு பயிருக்குப் போவது மலிவு.

4. வருமானமில்லாத வருடங்களுக்குப் பணம் ஒதுக்குங்கள்

நான் பார்த்த தோட்டங்களை அதிகம் கொன்றது பூச்சியல்ல, இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததுதான்.

பப்பாளி நட்ட பத்து மாதத்தில் பறிக்கலாம். வாழை ஒரு வருடத்தை ஒட்டி. ஒட்டுக் கொய்யா இரண்டு மூன்று வருடத்தில் கைகொடுக்கும். ஒட்டு மா மூன்று நாலு வருடத்தில் காய்க்கும். செலவைத் தூக்கும் அளவுக்கு விளைய இன்னும் ஓரிரு வருடம் போக வேண்டும். அதுவரை தண்ணீர், உரம், கூலி, வேலி எல்லாம் தினமும் கேட்கும்.

நோட்டில் வருடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் வருடம் செலவு 100, இரண்டாம் வருடம் 30, மூன்றாவது 30, நாலாவது வருடம் வரவு போக 10 பற்றாக்குறை, ஐந்தாம் வருடம் 40 மிச்சம் என்று வைப்போம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 100, 130, 160, 170, பிறகு 130. பள்ளத்தின் அடி 170. உங்களிடம் இருக்க வேண்டிய பணம் அதுதான், முதல் வருடத்து 100 அல்ல. நூறை வைத்துக்கொண்டு இறங்கியவர் மூன்றாம் வருடம் உரத்தை நிறுத்துவார், மரம் குன்றும், ஐந்தாம் வருடத்து 40 வராது.

அப்புறம் அதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள்: மகசூல் பாதி, காய்ப்பு ஒரு வருடம் தாமதம். அப்போதும் மூச்சு விட முடிந்தால் மேலே போகலாம்.

ஊடுபயிர் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்க்கும். குட்டையான பயறு வகைகள், காய்கறி நல்லது. மரத்தின் தண்ணீரை உறிஞ்சும் உயரமான பயிரையும், மரத்துக்கு வரும் அதே நோய் வரும் பயிரையும் தவிருங்கள்.

5. ரகத்தையும் வேர்ச்செடியையும் தேர்ந்தெடுங்கள்

ரகத்தை வாங்குபவர் சொல்கிறார், வேர்ச்செடியை மண் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு முடிவு. ஒட்டுக்கன்றின் மேல்பாதி எந்தப் பழம் என்பதைத் தீர்மானிக்கும். கீழ்பாதி, அதாவது வேர்ச்செடி, மரம் எவ்வளவு உயரும், உப்பையும் வேரழுகலையும் தாங்குமா என்பதைத் தீர்மானிக்கும். கன்று வாங்கும்போது மேல் ரகத்தை மட்டும் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மகரந்தச் சேர்க்கையையும் பாருங்கள். பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. கூடவே பூக்கும் வேறு ரகம் வேண்டும். பப்பாளியில் ஆண், பெண் தனித்தனி மரமாக வரும் ரகம் என்றால் ஆண் மரங்களைச் சிலவாவது விட்டுவைக்க வேண்டும். வெட்டித் தீர்த்துவிட்டு ‘பூ மட்டும் வருகிறது, காய் நிற்கவில்லை’ என்று வந்தவர் உண்டு.

ஒரே ரகத்தில் முழுத் தோட்டமும் வேண்டாம். ஒரு காலத்தில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட கிரோ மிஷெல் வாழை, பனாமா வாடல் நோயால் 1960-களுக்குள் வணிகத்திலிருந்தே ஏறக்குறைய மறைந்து, அந்த இடத்துக்கு கேவண்டிஷ் வந்தது. முன்பருவம் ஒன்று, பின்பருவம் ஒன்று என்று இரண்டு ரகம் வைத்தால் நோய்க்கும் காப்பு, அறுவடைக் கூலி ஆட்களும் ஒரே வாரத்தில் தேவைப்பட மாட்டார்கள்.

6. பக்கத்துத் தோட்டங்களோடு பேசுங்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், இதை யாருமே செய்வதில்லை. வாங்குபவர் லாரியோடு வருவார். லாரி நிறையாவிட்டால் வரமாட்டார், வந்தாலும் பாதி லாரியின் வாடகையை உங்கள் விலையில் கழிப்பார். ஐந்தாறு பேர் ஒரே ரகத்தை ஒரே தரத்தில் வைத்திருந்தால் லாரி நிறையும், பெட்டியை மொத்தமாக வாங்கலாம், தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்று போதும். போன படியில் ஒரே ரகம் வேண்டாம் என்றேனே என்று கேட்கலாம். அதே இரண்டு ரகத்தை எல்லாரும் வைத்தால் இரண்டும் நடக்கும்.

பூச்சி விஷயத்திலும் இதேதான். பழ ஈக்கு மெத்தில் யூஜினால் (ஆண் ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறி வைத்தால் ஆண் ஈ மட்டுமே சிக்கும். நீங்கள் மட்டும் வைத்து, பக்கத்துத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் அழுகிக் கிடந்தால், அங்கிருந்து பெண் ஈ வந்து முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

7. கன்றுக்குச் சொல்லி வையுங்கள்

நல்ல நர்சரியில் நல்ல ரகம் உடனே கிடைக்காது. முன்பதிவு செய்யுங்கள். செத்துப்போவதை ஈடுகட்ட 100-க்கு 5 முதல் 10 கன்று கூடுதலாகச் சொல்லுங்கள். செத்த இடத்தை அடுத்த வருடம் நிரப்பினால் அந்த மரம் கடைசிவரை பின்தங்கியே நிற்கும்.

வாங்கும்போது தாய்மரத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஒட்டுப் பகுதி நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு கன்றுக்காவது பையின் அடியைப் பிரித்துப் பாருங்கள். வேர் பைக்குள் சுருண்டு வளையம் போட்டிருந்தால் அது பழைய சரக்கு. உயரமான கன்று நல்ல கன்று என்பது வெறும் ஆசை.

8. அளவு, குழி, குழாய்

ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதை வரிசை இடைவெளியால் பெருக்கிய மர இடைவெளியால் வகுத்தால் மர எண்ணிக்கை. 10 × 10 மீட்டரில் 40 மரம், 5 × 5-ல் 160, 3 × 2-ல் 670-ஐ ஒட்டி. அடர் நடவு முதல் வருடங்களில் மகசூலைக் கூட்டும், ஆனால் ஒவ்வொரு வருடமும் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) செய்தே ஆக வேண்டும். கிளை வெட்ட ஆளும் மனதும் இல்லாதவர் அகல இடைவெளிக்குப் போங்கள். டிராக்டர், தெளிப்பான் திரும்பும் இடத்தை விட மறக்காதீர்கள்.

குழியைக் கோடையில் எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். மாவுக்கு ஒரு மீட்டர் கனசதுரம், கொய்யாவுக்கு 60 சென்டிமீட்டர் வழக்கம். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் போடச் சொல்லுங்கள். மூடும்போது மக்கிய தொழுவுரம் கலந்த மேல்மண் வேருக்குப் போக வேண்டும். பச்சைச் சாணம் வேண்டாம். சூட்டில் வேர் கருகும், கரையானும் வரும். தரைக்கு மேல் ஒரு சாண் உயரமாகவே மூடுங்கள், மழையில் மண் அமுங்கும்.

சொட்டுநீர்க் குழாய் நடவுக்கு முன்பே ஓட வேண்டும். நட்டுவிட்டு ‘அடுத்த வாரம் குழாய் வருகிறது’ என்று காத்திருந்து போன கன்றுகளுக்குக் கணக்கே இல்லை.

9. நடவு

மாலையில் நடுங்கள். பையைக் கிழித்து எடுங்கள், வேர்ப்பந்து உடையக் கூடாது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் மேல்பாதியே வேர்விட்டு, காசு கொடுத்து வாங்கிய வேர்ச்செடியின் பலன் போய்விடும், அழுகலும் வரும். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவை மறக்காமல் அவிழ்க்கவும். பிறகு காற்றுக்குக் குச்சி, வேரடியில் மூடாக்கு.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். ‘என் மரம் மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக வளர்கிறது’ என்று ஒருவர் பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினார். வளர்ந்திருந்தது வேர்ச்செடியின் துளிர். ஒட்டு வைத்த ரகம் அதன் நிழலில் ஒரு சாண் நீளத்தில் காய்ந்து கிடந்தது.

10. முதல் மூன்று வருடம்

மா போன்ற ஒட்டு மரங்களில் முதலிரண்டு வருடம் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது. ஆனால் சின்ன மரம் காய்க்கப் போடும் சத்து, கிளைக்கும் வேருக்கும் போக வேண்டியது. மூன்று நாலு நல்ல கிளைகள் வெவ்வேறு திசையில், வெவ்வேறு உயரத்தில் இருந்தால் பின்னாளில் காய்ப் பாரத்தில் முறியாது.

எந்தக் கிளையில் பூக்கும் என்று தெரியாமல் கத்தரி எடுக்காதீர்கள். கொய்யா புதுத் துளிரில் பூக்கும், கவாத்து செய்தால் காய் வரும். மா முற்றிய நுனிக் கிளையில் பூக்கும், அதனால் அறுவடை முடிந்த கையோடு கவாத்தை முடிக்க வேண்டும். பூக்கும் காலத்தை ஒட்டி வெட்டினால் அந்த வருடக் காயை வெட்டுகிறீர்கள்.

11. காய்ப்பும் மருந்தும்

பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீ செத்தால் காய்ப்பிடிப்பும் போகும். ஒவ்வொரு தெளிப்பையும் தேதி, மருந்து, அளவு, பகுதி என்று எழுதுங்கள். லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் முடியாமல் பறித்தால், நச்சு எச்சம் வரம்பைத் தாண்டி முழுச் சரக்கும் திரும்பி வரலாம். பெரிய வாங்குபவர்கள் பழத்தைப் பார்க்கும் முன்பே இந்த நோட்டைக் கேட்பார்கள்.

காய் அதிகம் பிடித்தால் கலைத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைந்து அளவு கூடும், முதல் தரத்தின் பங்கு ஏறும். ஒரு வருடம் கொட்டி மறுவருடம் சும்மா நிற்கும் பழக்கமும் ஓரளவு தணியும்.

12. அறுவடையும் அதன்பின் வரும் சில மணி நேரமும்

பறித்த பின் பழுப்பவை உண்டு: மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, அவகாடோ. பறித்த பின் பழுக்காதவை உண்டு: திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி, ஸ்ட்ராபெரி. இரண்டாவது வகையைக் காயாகப் பறித்தால் அது என்றென்றும் காய்தான். திராட்சைக்குச் சர்க்கரை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி, பல குலைகளில் சோதித்துப் பறியுங்கள்.

காலையில் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். மாங்காயைக் கொஞ்சம் காம்போடு வெட்டி, பிறகு காம்பை ஒடித்துத் தலைகீழாக வைத்துப் பால் வடியவிடுங்கள். தோலில் பட்டால் கருகிய கறை வரும், முதல் தரம் அந்த இடத்திலேயே இரண்டாம் தரமாகிவிடும். சாக்கு வேண்டாம், பெட்டி. பெட்டியின் விளிம்புக்கு மேல் பழம் தெரிந்தால் மேல்பெட்டி அதை நசுக்கும்.

குளிர் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஆப்பிளும் திராட்சையும் 0 டிகிரியை ஒட்டி நன்றாக இருக்கும். வாழை 13-க்குக் கீழே போனால் தோல் கறுக்கும். ஒரே அறையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு ஏமாறாதீர்கள். பழுக்க வைக்க எத்திலீன் அறை இருக்கிறது, கால்சியம் கார்பைடு பக்கமே போகாதீர்கள்.

13. வட்டாரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள்

கடன், மானியம், கூட்டுக் கொட்டகை என்று எதற்குப் போனாலும் ‘இதனால் ஊருக்கு என்ன’ என்ற கேள்வி வரும். பெரும்பாலும் பெரிய எண் ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர் விவரமானவராக இருந்தால் இரண்டே நிமிடத்தில் அது உடையும்.

முதல் பிழை, இருமுறை எண்ணுவது. தோட்டம் 100-க்கு விற்றது, ஆலை அதைக் கூழாக்கி 180-க்கு விற்றது. இரண்டையும் கூட்டி 280 என்பார்கள். அந்த 180-க்குள்ளேயே உங்கள் 100 இருக்கிறது. ஆலை கூட்டியது 80, அதிலும் டப்பா, மின்சாரம் போன்றவற்றைக் கழிக்க வேண்டும். தோட்டத்தின் 100-லும் வாங்கிய உரம், மருந்து, டீசலைக் கழித்தால்தான் உண்மையில் கூட்டிய மதிப்பு.

இரண்டாவது, வேலை நாள். அறுவடைக்கு 60 பேர் 40 நாள் வந்தால் ‘60 பேருக்கு வேலை’ என்று எழுதுவது சரியல்ல. அது 2,400 ஆள் நாள். வருடத்துக்கு 240 நாள் வேலை என்று வகுத்தால் 10 முழுநேர வேலை. எண் சிறிதாகத் தெரியும், ஆனால் கேள்வி கேட்டால் நிற்கும்.

மூன்றாவது, கசிவு. பெட்டி, உரம், லாரி, குளிர்சாதனம் எல்லாம் வெளியிலிருந்து வந்தால், விற்ற பணத்தில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். செலவு நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘உள்ளே’, ‘வெளியே’ என்று ஒரு சொல் எழுதுங்கள். கூலி, ஒட்டுக்கட்டும் வேலை, தரம் பிரித்தல், பெட்டி செய்வது ஆகியவை ‘உள்ளே’ பக்கம் வரும் வாய்ப்புள்ளவை. 6-வது படியில் சொன்ன ஐந்தாறு தோட்டங்கள் சேர்ந்தால்தான் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பிழைக்கவைக்கும் அளவு வேலை சேரும்.

நாலாவது, அந்த நிலம் முன்பு தந்ததைக் கழிக்க மறப்பது. அங்கே வேறு பயிர் இருந்திருந்தால் அதன் வருமானம், கூலி, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் கழித்த மிச்சம்தான் பழத்தோட்டம் புதிதாகத் தந்தது. தண்ணீர்க் கணக்கில் இந்த மிச்சம் கழித்தலாகவும் வரலாம். வந்தால் அதையும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.